லைவில் கீப்பரைக் கிழித்துவிட்டார்கள், கோச் பதில் சொல்லலாமா?

உப்புவெளி_கோச்:

எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னக் கழகத்தில் 19 வயதுக்குட்பட்ட பொடியன்களுக்கு நான் கோச். சம்பளம் ஒன்றும் இல்லை. பகலில் ஹார்ட்வெயார் கடை, பின்னேரம் மைதானம். பந்து தெரிந்த ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் ஒரு யோசனை கேட்கிறேன்.

போன கிழமை அரையிறுதி. 1-0 என்று தோற்றோம். இப்போது திருகோணமலையில் நடக்கிற சின்ன மட்ச்கூட முகநூலில் லைவ் போகிறது, தெரியும்தானே. கோட்டுக்கு வெளியே ஒரு மேசை, ஸ்டாண்டில் ஒரு போன், மைக்கோடு இரண்டு பேர். ஒருவர் வர்ணனை சொல்வார். மற்றவர் பழைய வீரர், விமர்சகர் என்று உட்கார வைத்திருந்தார்கள். தன் காலத்தில் நல்ல ஸ்ட்ரைக்கர், அதில் எனக்கு மறுப்பில்லை. பெயர் வேண்டாம்.

கோல் விழுந்த விதத்தைச் சொல்கிறேன். இரண்டாம் பாதி, கச்சான் காற்று நல்லாய்ப் பிடித்திருந்தது. எதிரணி சென்டர் பேக் தன் பாதிக்குள் நின்று பந்தைத் தூக்கி அடித்தான். பாஸும் இல்லை, ஷாட்டும் இல்லை, ஆபத்தைக் கழிக்க அடித்த அடி. எங்கள் கீப்பர் பெனால்ட்டி பொக்ஸ் விளிம்பில் நிற்கிறான். பந்து காற்றில் ஏறி, அவன் கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டி வந்து, காய்ந்த தரையில் ஒரே குத்து. அவன் தலைக்கு மேலால் எழும்பிவிட்டது. திரும்பி ஓடிப் பாய்ந்தான், விரல் நுனியில் பட்டது, ஆனாலும் உள்ளே போய்விட்டது.

ஏன் அவ்வளவு முன்னால் நின்றான்? நான்தான் நிற்கச் சொன்னேன். எங்கள் டிபென்ஸ் மேலே ஏறி நின்று விளையாடும். பின்னால் விழுகிற பந்தைக் கீப்பர்தான் ஓடி வந்து துடைக்க வேண்டும். முதல் பாதியில் அப்படி வந்து இரண்டு நிச்சயமான கோலைத் தடுத்தான். அடுத்த மட்சிலும் அங்கேதான் நிற்கச் சொல்வேன்.

மேசையில் இருந்தவர் சொன்னது இதுதான்: “இவன் கீப்பரா, இல்லாவிட்டால் புல் மேய வந்த மானா? வந்த வேலையை மறந்துபோய் நிற்கிறான்.” பட்டணத்துக்குள் மான் திரிகிற ஊர் இது. சனத்துக்குச் சொல்லவா வேண்டும்? பக்கத்தில் இருந்தவர் மைக்கை மூடாமலே சிரித்தார். கீழே கொமென்ட் முழுக்க மான் படம். அந்த அரை நிமிடத்தை மட்டும் யாரோ வெட்டிப் போட்டு அது தனியாக ஓடுகிறது.

பொடியனுக்கு 17 வயது. தகப்பன் கத்தாரில், டியூட்டிக்கு இடையில் ஒளித்து நின்று லைவ் பார்த்திருக்கிறார். மகன் விளையாடுவதை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. மட்சுக்குப் பிறகு பொடியன் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் காய்ச்சல் என்கிறார்கள். காய்ச்சல் இல்லை.

இனி கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான மட்ச். தொடங்க முன்னம் இரண்டு கோச்மாரையும் லைவில் ஐந்து நிமிடம் கதைக்க விடுவார்கள். பக்கத்தில் அதே மனிதர் இருப்பார். நான் லிவர்பூல் ஆள். 2016 டிசம்பரில் பழைய மான்செஸ்டர் யுனைட்டட் வீரர் கேரி நெவில் ரீவியில் எங்கள் அப்போதைய கீப்பர் கேரியஸைக் குறை சொன்னபோது எங்கள் கோச் யூர்கன் குளொப் கொடுத்த பதில் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. நெவில் அந்த வருடம் மார்ச்சில்தான் ஸ்பெயினின் வலென்சியா கழகத்தில் கோச் வேலை பறிபோய் வந்தவர். வீரர்களை எடைபோடுவது அவருக்குச் சிரமம் என்று அங்கேயே காட்டிவிட்டார், பிறகு ஏன் அவரை ரீவியில் வீரர்களைப் பற்றிக் கதைக்க விடுகிறோம் என்று குளொப் கேட்டார். எனக்கும் அப்படி ஒன்று நாக்கு நுனியில் நிற்கிறது. இந்தப் பெரிய ஸ்ட்ரைக்கரும் ஒரு காலம் ஓர் அணியைப் பழக்கினார், அது என்ன கதியானது என்று ஊருக்கே தெரியும்.

சொல்லவா, விடவா?

---

கிண்ணியா_லெப்ட்பேக்:

அண்ணன், நான் யுனைட்டட் ஆள். அதனால் நெவிலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். குளொப் அடித்தது நல்ல அடிதான், நானும் சிரித்தேன். ஆனால் திகதியை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

டிசம்பர் 4, போர்ன்மத். 3-1 என்று முன்னால் நின்ற லிவர்பூல் 4-3 என்று தோற்றது. கடைசி நேரத்தில் கேரியஸ் பந்தைப் பிடிக்காமல் நழுவவிட, நேதன் ஆகே தட்டிவிட்டார். 11ஆம் திகதி வெஸ்ட்ஹாமோடு 2-2, அதிலும் கீப்பர் மேல்தான் குறை. அந்த நாட்களில் கேரியஸ் தானே ஒரு பத்திரிகைப் பேட்டியில் நெவிலைச் சீண்டினார். வாயை மூடிக்கொண்டு உன் வேலையைப் பார் என்ற மாதிரி ஜேமி கரகர் ரீவியில் திருப்பிக் கொடுத்தார். கரகர் யார்? லிவர்பூலின் சொந்தப் பிள்ளை. 14ஆம் திகதி மிடில்ஸ்பரோ மட்ச். கோலுக்குள் நின்றது யார்? மற்றக் கீப்பர் சைமன் மினியோலே.

குளொப் மைக்கில் காப்பாற்றினார், அணிப் பட்டியல் ஷீட்டில் தூக்கினார். 23 வயதுப் பொடியனுக்கு இரண்டில் எது உறைத்திருக்கும்? கீப்பரை மாற்றியது பிழை என்று நான் சொல்ல வரவில்லை, அது கோச்சின் உரிமை. ஆனால் வலென்சியா கதை வந்த நிமிடத்தில் இருந்து பத்திரிகை முழுக்க குளொப்பும் நெவிலும்தான். அந்தக் கூத்தில் கேரியஸின் பெயர் இன்னும் பத்துத் தடவை அடிபட்டது. ஒரு நாளில் செத்திருக்க வேண்டிய செய்திக்கு இரண்டு கிழமை உயிர் கொடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1995 ஓகஸ்டில் அஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று அடிவாங்கிய யுனைட்டட் அணியைப் பார்த்து, பொடியன்களை வைத்து ஒன்றும் வெல்ல ஏலாது என்று விமர்சகர் அலன் ஹான்சன் பிபிசியில் சொன்னாரே, அந்தப் பொடியன்களில் ஒருவர் இந்தக் கேரி நெவில்தான். தம்பி பில்லும் அன்றைக்கு விளையாடினார். கோச் பெர்குசன் அதே பொடியன்களைத் தொடர்ந்து போட்டார். சீசன் முடிய லீக்கும் எப்.ஏ. கிண்ணமும் அவர்கள் கையில். ரீவிக்காரரின் ஒரு வார்த்தை 20 வயதில் எப்படிச் சுடும் என்று நெவிலுக்குத் தெரிந்திருக்கும். 21 வருடம் கழித்து மைக் அவர் கையில்.

ஞாயிறு அந்தப் பொடியனைப் போடுங்கள். அந்த மனிதரின் பழைய அணிக் கதையை எடுக்க வேண்டாம், அது இன்னொரு கிளிப் ஆகிவிடும். அதிலும் மான் படம்தான் வரும்.

---

டைக்வீதி_அம்மா:

தம்பி, எனக்கு ஓப்சைட் என்றால் என்னவென்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. என் மகன் மூன்று வருடம் விளையாடினான், அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் கோச், விமர்சகர் என்று பெரிய ஆட்களையே பார்க்கிறீர்கள். ஹரி மக்வயர் என்று ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா? 2023 செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தோடு நடந்த மட்சில் தன் பக்கக் கோலுக்குள்ளேயே பந்தை விட்டவர். என் மகன் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு அவருடைய தாய் இன்ஸ்டாகிராமில் எழுதினார், என் மகனுக்கு நடப்பதைப் பார்க்க முடியவில்லை என்ற மாதிரி. அவர் அப்போது இங்கிலாந்துக்கு விளையாடிய, கோடிக் கணக்கில் உழைத்த முப்பது வயது மனிதர். அவருக்கே தாய் வந்து நிற்க வேண்டியிருந்தது. உங்கள் பொடியனுக்கு 17.

மேசையில் இருந்தவர் சொன்னது ஒரு வரி. அதைப் பெயராக்கி ஒட்டியது கொமென்ட் போட்டவர்கள். அவர்களில் பாதிப்பேர் அவனோடு ஒரே வகுப்பில் இருப்பார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தீர்களா? காய்ச்சல் அதற்குத்தான். லைவ் நடத்துகிற பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகள்தானே, ஞாயிறு வரைக்கும் காத்திராமல் இன்றைக்கே போய் அந்தத் துண்டை எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிப் போட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கத்தாருக்கு ஒரு போன் எடுத்தீர்களா? ஏன் முன்னால் நின்றான் என்று இங்கே எழுதியதை அந்தத் தகப்பனுக்குச் சொன்னீர்களா?

---

உப்புவெளி_கோச்:

அக்கா, நேற்று இரவு எடுத்தேன். மனிதர் முதலில் என்னைத்தான் ஏசினார். பிறகு, நீங்கள் சொல்லித்தான் நின்றானா என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். அவனுக்கு அதைச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். துண்டை எடுக்கச் சொல்லி லைவ் பொடியன்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கிண்ணியா நானா, யுனைட்டட் ஆளிடமிருந்து குளொப்புக்கு இவ்வளவு நல்ல சொல் வந்ததே பெரிய காரியம். ஆனால் வாயே திறக்கக்கூடாது என்பது எனக்கு ஏறவில்லை. அக்கா சொன்ன அதே மட்சை எடுங்கள். இங்கிலாந்து 3-1 என்று வென்றது. இங்கிலாந்து கோச் சவுத்கேட் சிரித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். அவர் இருந்து, மக்வயரை நடத்துகிற விதம் கேலிக்கூத்து, இப்படி ஒன்றைத் தான் கண்டதே இல்லை என்றார். ஸ்கொட்லாந்து ரசிகர்கள் கிண்டல் செய்ததில் குறையே சொல்லவில்லை, எங்கள் வர்ணனையாளர்களும் விமர்சகர்களும் உண்டாக்கிய வேலை இது என்று நேரே சொன்னார். ஒருவர் பெயரையும் எடுக்கவில்லை, ஒருவருடைய பழைய தோல்வியையும் கிண்டவில்லை. 1996 யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்ட்டியைத் தவறவிட்டு நாடு முழுக்க வாங்கிக்கட்டிய மனிதர். அவருக்கு வலி தெரியும். இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், பிரீமியர் லீக்கின் அந்த மாதத்துச் சிறந்த வீரர் மக்வயர்தான்.

---

கிண்ணியா_லெப்ட்பேக்:

அது சவுத்கேட் கதைத்ததால் இல்லை அண்ணன், எங்கள் யுனைட்டடின் மற்ற சென்டர் பேக்குகள் காயப்பட்டு ஆளுக்கு விளையாட இடம் கிடைத்ததால். திரும்பவும் நான் சொன்னதற்கே வருகிறீர்கள், போட்டால் விளையாடுவான்.

---

மைக்_மேசை:

நான் நீங்கள் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அதே மாதிரி மேசைகளில் இருந்து வர்ணனை செய்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

அங்கே இருந்து பார்த்தால் என்ன தெரியும் தெரியுமா? போன் நடுக் கோட்டில், இடுப்பு உயரத்தில். இரண்டு கோலும் தூரத்தில். ரீப்ளே கிடையாது. கச்சான் நாட்களில் மைக்குக்குள் காற்று இரையும், கைலேஞ்சி சுற்றித்தான் கதைப்போம். ஸ்கிரீன் ஓரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது விழும், ஒரு பகிடி விட்டால் இதயமும் சிரிப்பும் பறந்து வரும். இரண்டு மட்ச் இருந்தால் எவனுக்கும் அந்தப் பைத்தியம் பிடிக்கும். பகிடி விட்டவர் பெரிய ஸ்ட்ரைக்கர் என்பதால் அதற்கு எடையும் கூடிவிடுகிறது.

ஸ்கை ரீவியில் திங்கட்கிழமை இரவுகளில் நெவிலும் கரகரும் செய்வதைப் பாருங்கள். 2011இல் நெவில் வந்தார், 2013இல் கரகர். பெரிய திரையில் படத்தை நிறுத்தி, இவன் இங்கே நிற்கிறான், இரண்டடி அங்காலே நின்றிருக்க வேண்டும், காரணம் இது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். வலிக்கும், ஆனால் வீரனுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். மான் என்று சொன்னால் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தப் பகிடியில் எனக்கு இருக்கிற கோபம் அதுதான். கீப்பரைக் குறை சொன்னது குற்றமில்லை. ஒரு பாடமும் சொல்லாமல் குறை சொன்னார், அதுதான்.

இன்னொன்று. முழு லைவையும் கேட்டீர்களா, வெட்டிய துண்டை மட்டுமா? 2020 செப்டெம்பரில் லிவர்பூல் ஆர்சனலை 3-1 என்று வென்ற பிறகு, விமர்சகர் ரொய் கீன் எங்கள் ஆட்டத்தைக் கவனக்குறைவானது என்றாரா என்று குளொப் ஸ்டுடியோவோடு நேரலையிலேயே சண்டைக்குப் போனார். கீன் ஒன்றிரண்டு கணத்தைத்தான் அப்படிச் சொன்னார், மற்றபடி லிவர்பூலைப் புகழ்ந்துகொண்டிருந்தார். குளொப்பின் காதில் விழுந்தது அந்த ஒரு சொல் மட்டும்.

கீனே ஒரு தனிக் கதை. 2005இல் மிடில்ஸ்பரோவிடம் 4-1 என்று தோற்ற பிறகு, யுனைட்டட் கப்டனாக இருந்துகொண்டே கழகத்தின் சொந்த ரீவியில் தன் அணிப் பொடியன்களைக் கிழித்தார். கழகம் அதை ஒளிபரப்பவே இல்லை. அடுத்த மாதம் கீன் அணியிலும் இல்லை. அப்படிப்பட்ட வாயைத்தான் பிறகு ஸ்கை காசு கொடுத்து உட்கார வைத்தது.

கோச், என் யோசனை இது. ஐந்து நிமிடம் கிடைத்தால் அதைப் பாடம் எடுக்கப் பாவியுங்கள். 2024 யூரோவில் டென்மார்க்கோடு 1-1 ஆன பிறகு பழைய இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் கேரி லினேக்கர் இங்கிலாந்து ஆட்டத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். 1986 உலகக் கிண்ணத்தில் 6 கோல் அடித்தவர். பதில் சொன்ன இங்கிலாந்து கப்டன் ஹரி கேனும் 2018இல் 6 கோல் அடித்தவர். கேன் குரலை உயர்த்தவில்லை. நீங்களும் இந்தச் சட்டை போட்டவர்கள், இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும், புதுப் பொடியன்கள் நீங்கள் சொல்வதைக் கேட்கிறார்கள், உங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது என்ற கருத்தில் கதைத்தார். நாம் எல்லோரும் நீண்ட காலமாக ஒன்றும் வெல்லாத நாடுதான் என்று மெல்ல ஓர் ஊசியும் ஏற்றினார், அது வேறு. அந்த அணி பெர்லின் இறுதியாட்டம் வரை போய் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றது.

---

உப்புவெளி_கோச்:

மைக் தம்பி சொன்னபடி முழுவதையும் கேட்டேன், கடையைப் பூட்டிவிட்டு இருந்து. முதல் பாதியில் எங்கள் கீப்பர் ஓடி வந்து துடைத்த இரண்டு பந்துக்கும் அந்த மனிதர் ஒரு சொல் சொல்லவில்லை, தன் காலத்துக் கொழும்பு மட்ச் ஒன்றின் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கடைசிக் கட்டத்தில் பொடியன் ஒரு கோர்னரை ஆட்களுக்கு மேலால் எழும்பிப் பிடித்தபோது, நல்ல கை இவனுக்கு, வடிவாகப் பழக்கினால் மாவட்டத்துக்கு விளையாடுவான் என்று சொல்லியிருக்கிறார். அதை ஒருவரும் வெட்டிப் போடவில்லை. நான் வெட்டி எடுத்துத் தகப்பனுக்கு அனுப்பினேன்.

ஞாயிறு கதைக்கிறேன். அவருடைய பழைய அணிக் கதை எடுக்க மாட்டேன், மான் என்ற சொல்லையும் எடுக்க மாட்டேன். எங்கள் டிபென்ஸ் எங்கே நிற்கும், அதனால் கீப்பர் எங்கே நிற்க வேண்டும், அதைச் சொன்னது யார், கச்சானில் தூக்கி அடித்த பந்து எப்படி விழும். மேசையில் இரண்டு தண்ணீர்ப் போத்தலை வைத்தே காட்டலாம். அந்த மனிதர் ஸ்ட்ரைக்கர்தானே, இப்படி முன்னால் நிற்கிற கீப்பரைக் கண்டால் நீங்கள் எங்கே அடிப்பீர்கள் என்று அவரிடமே கேட்பேன். பதில் உபயோகமாக இருந்தால் பயிற்சியில் எடுத்துக்கொள்வேன். எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை, அது என்னோடு இருக்கட்டும்.

துண்டை எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஓடுவதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. பொடியனின் பெயர் ஷீட்டில் முதலாவதாகப் போகிறது, இன்றைக்கே குரூப்பில் போட்டுவிட்டேன். பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை.

---

டைக்வீதி_அம்மா:

நாளைக்குக் காலையில் வீட்டுக்குப் போங்கள் தம்பி. நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

---

கிண்ணியா_லெப்ட்பேக்:

ஒன்று சொல்ல மறந்தேன் அண்ணன். ஞாயிறு உங்களுக்கு எதிரே இறங்குவது எங்கள் பொடியன்கள்தான். எங்கள் சென்டர் பேக்குக்கும் அந்தக் கிளிப் வந்திருக்கிறது, முதல் பந்தையே தூக்கி அடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். டொஸ்ஸை நாங்கள் வென்றால் காற்று எங்கள் முதுகுக்கு. இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு லைவில் வந்து என்னை ஏச வேண்டாம்.

---

உப்புவெளி_கோச்:

அடிக்கச் சொல்லுங்கள் நானா. நேற்று முழுக்க இரண்டாம் கீப்பரை வைத்து அந்த அடியைத்தான் பழக்கினேன். நாளைக்கு முதலாவது ஆளையும் கூட்டி வந்துவிட்டால் சரி.